பனிக்கட்டி மாளிகைக்கு ஒரு சந்தா

ஊர் கூடிப் பணம் சேர்ப்பதென்றால், கோபுரத்துக்குத் திருப்பணி, குளத்துக்குப் படித்துறை, பள்ளிக்கூடத்துக்கு ஒரு கட்டடம் என்று, கொடுத்தவனுடைய பேரப்பிள்ளைகளின் காலத்திலும் நிலைத்து நிற்கப்போகும் ஏதோ ஒன்றின் பொருட்டுச் சேர்ப்பதே உலக வழக்கமாக இருக்க, மார்ச் மாத வெயிலுக்குக்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டாத ஒரு கட்டடத்துக்காக ஆண்டுதோறும் வசூல் செய்து, அதைத் தங்கள் கையாலேயே கட்டி, அதைச் சுற்றிப் பத்து நாள் சிரித்துக் கும்மாளமிட்டு, பிறகு தாங்களே அதை இடித்தும் தள்ளிவிடுகிற ஓர் ஊர், அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்தின் வடகோடியில் இருக்கிறது.

அந்த ஊரின் பெயர் சாரனாக் லேக். அடிராண்டாக் மலைகளின் நடுவே, கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 1,500 அடி உயரத்தில், ஏரிகளும் ஊசியிலைக் காடுகளும் சூழ, சுமார் 5,000 ஜனங்களோடு இருக்கும் அந்தச் சிற்றூரில், பிப்ரவரி மாதம் நடக்கும் குளிர்காலக் கார்னிவலுக்கு நடுநாயகமாக விளங்குவது ஃப்ளவர் ஏரிக் கரையில் எழும்பும் பனிக்கட்டி மாளிகை. திருவிழாச் செலவுக்கென்று ஊரார் விற்பது சட்டையில் குத்திக்கொள்ளும் ஒரு வட்ட வில்லை. நம் ஊரில் கொடி நாளன்று உண்டியலில் காசு போட்டவன் மார்பில் ஒரு காகிதக் கொடி ஏறுவதைப்போல, அங்கே பணம் கொடுத்தவன் மார்பில் அந்த வில்லை ஏறுகிறது. அதில் ஒரு கேலிச் சித்திரம் இருக்கும். கேட்பதற்கு இவ்வளவு லேசாக இருக்கும் இந்த விநோதத்தின் பூர்வோத்தரத்தை விசாரிக்கப் புகுந்தால், அது நம்மைக் கொண்டுபோய் விடும் இடம் க்ஷயரோகம்.

அங்கே போவதற்கு முன், பனிக்கட்டியால் மாளிகை கட்டுவது என்ற யோசனையின் வம்சாவளியைச் சிறிது பார்த்துவிடலாம். ஏனென்றால் அதன் முதற் பாட்டன் நல்ல குணமுள்ளவன் அல்லன். 1740-ஆம் வருஷத்துக் கடுங்குளிரில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தில், ருஷ்யச் சக்கரவர்த்தினி அன்னா இவானோவ்னாவின் ஆக்ஞைப்படி, உறைந்து கிடந்த நேவா நதியிலிருந்து அறுத்தெடுத்த பனிக்கட்டிகளைக் கொண்டு ஒரு மாளிகை எழுப்பப்பட்டது. கட்டில், மெத்தை, தலையணை, மரங்கள், வாசலில் நிஜமாகவே வெடிக்கும் பீரங்கிகள், நீரைப் பீச்சியடிக்கும் யானை யாவும் பனிக்கட்டியே. கிராஃப்ட் என்ற விஞ்ஞானி, அளவுகளோடும் படங்களோடும் அந்த அற்புதத்தை வர்ணித்துப் புஸ்தகமே எழுதி வைத்தார். ஆனால் மாளிகை யாருக்காகக் கட்டப்பட்டது என்று கேட்டால் நெஞ்சு சற்று உறைந்துதான் போகிறது: மதம் மாறி ஓர் இத்தாலியப் பெண்ணை மணந்ததற்காகச் சக்கரவர்த்தினியின் கோபத்துக்கு ஆளாகி, அரண்மனை விதூஷகனாக இறக்கப்பட்டிருந்த கோலிட்சின் என்ற பிரபுவுக்கும், அரண்மனை வேலைக்காரி ஒருத்திக்கும் கட்டாயக் கலியாணம் செய்து, இருவரையும் கூண்டில் ஏற்றி யானையின்மேல் ஊர்வலம் விட்டு, முதல் இரவை அந்தப் பனிக்கட்டிப் படுக்கையிலேயே கழிக்கும்படி காவல் போட்டார்கள். தம்பதிகள் எப்படியோ உயிர் பிழைத்தார்கள். மாளிகையை நிர்மாணித்த சிற்பி யெரோப்கினும், விழாவை நடத்திய மந்திரி வொலின்ஸ்கியும் அதே வருஷம் வேறொரு ராஜத்துரோக வழக்கில் சிரச்சேதம் செய்யப்பட்டார்கள். வருஷம் முடியுமுன் சக்கரவர்த்தினியும் காலமானாள். ஒருவர் சிரிப்பதற்காக இன்னொருவர் விறைத்துப்போக வேண்டும் என்ற நியதியில் பிறந்த அந்த வேடிக்கைக்கு யாரும் சந்தா கேட்கவில்லை, கஜானா இருந்தது.

அந்த யோசனை ஜனங்களின் கைக்கு வந்து சேர்வதற்கு ஏறக்குறைய நூற்றைம்பது வருஷம் பிடித்தது. கானடாவின் மாண்ட்ரியல் நகரத்தார் 1883-இல் தங்கள் குளிர்காலத் திருவிழாவுக்கென்று ஒரு பெரிய பனிக்கட்டி மாளிகையை நிறுவி, பனிச்சப்பாத்துச் சங்கத்தார் தீப்பந்தங்களோடு அதை முற்றுகையிடுவதாக ஒரு பொய் யுத்தமும் நடத்தி, வாணங்களைக் கொளுத்தி, ரெயில் ரெயிலாக வேடிக்கை பார்க்க வந்தவர்களிடம் லாபமும் பார்த்தார்கள். 1885-இல் அந்த நகரத்தில் வைசூரி பரவி 3,000-க்கு மேற்பட்டவர்களை மாய்த்துவிடவே, அடுத்த வருஷத்துத் திருவிழா நின்றுபோயிற்று. அந்தச் சமயத்தில், மின்னசோட்டா மாகாணத்துச் செயின்ட் பால் நகரத்துக்கு வந்துபோன நியூயார்க் பத்திரிகைக்காரர் ஒருவர், அந்த ஊர் குளிர்காலத்தில் மனிதர் வாழத் தகுதியற்ற இன்னொரு சைபீரியா என்று எழுதிவிட்டதாகவும், ரோஷம் கொண்ட வர்த்தகர்கள் மாண்ட்ரியல் கட்டடக் கலைஞர்களையே வரவழைத்து 1886-இல் தங்கள் முதல் மாளிகையை எழுப்பியதாகவும் அங்கே சொல்வார்கள். குளிரின் அரசனாக போரியஸ் என்பவனையும், அவனைக் கவிழ்க்க வரும் அக்கினி தேவனாக வல்கனையும் சிருஷ்டித்து, இருவருக்கும் வருஷந்தோறும் போர் மூட்டி, கடைசியில் அக்கினியே ஜயிப்பதாக வைத்துக்கொண்டார்கள். வெயில் வந்து மாளிகை கரைந்துவிடப்போவது நிச்சயமாக இருக்கும்போது, அதையே கதையின் முடிவாகவும் செய்துவிட்ட சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும்.

இத்தனை மாளிகைகளும் அந்தக் காலத்தில் அவ்வளவு சுலபமாக எழும்பியதற்குக் காரணம், சிற்பக் கலை அல்ல, ஒரு வியாபாரம். இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் வித்தை பரவுவதற்கு முன், வட அமெரிக்காவின் ஏரிகள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் அறுவடை செய்யப்பட்டன. பாஸ்டன் நகரத்து ஃப்ரெடரிக் டியூடர் 1806-இல் மார்டினீக் தீவுக்கு முதல் கப்பலை அனுப்பியபோது ஊரே அவரைப் பைத்தியக்காரன் என்றது. 1820-களில் அவருக்கு வேலை பார்த்த நதானியல் வைத், குதிரை இழுக்கும் கலப்பை போன்ற ஒரு கருவியைக் கண்டுபிடித்து, ஏரியின் மேற்பரப்பில் சதுரம் சதுரமாகக் கோடு கிழித்து ஒரே அளவுள்ள கட்டிகளாக அறுக்கும் முறையை ஏற்படுத்தினார். ஒரே அளவாக இருந்தால்தான் கப்பலின் அடித்தட்டில் இடுக்கில்லாமல் அடுக்கலாம். இடுக்கில்லாவிட்டால்தான் உருகுவது குறையும். 1833-இல் கல்கத்தாவுக்கும், பிறகு சென்னைக்கும் அந்தக் கட்டிகள் நாலு மாதம் கடல் கடந்து வந்தன. சென்னைக் கடற்கரையில் அவற்றைச் சேமிக்க 1842-இல் கட்டிய வட்டமான கட்டடந்தான் ஐஸ் ஹவுஸ் என்று இன்றும் பேட்டைக்குப் பெயராக நின்று, 1897-இல் சுவாமி விவேகானந்தர் சில நாள் தங்கியதால் இப்போது விவேகானந்தர் இல்லமாக விளங்குவது. சென்னைத் துரைமார்களின் கோப்பைகளைக் குளிர்விக்கும் பொருட்டுப் பிறந்த அந்த ஒரே அளவுக் கட்டியே, செங்கல்லைப்போல அடுக்கிச் சுவர் எழுப்புவதற்கும் வசதியாக அமைந்தது. ஏரிக்கரை ஊர் ஒவ்வொன்றிலும் ரம்பமும் கொக்கிக் கழியும் கடப்பாரையும் கையாளத் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள். மாளிகை கட்டவேண்டும் என்ற ஆசை ஒன்றுதான் பாக்கி.

சாரனாக் லேக்குக்கு அந்த ஆசை வந்த விதம் வேறு. அதைச் சொல்ல ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்லவேண்டும். ஜேம்ஸ் ட்ரூடோ என்று ஒரு வைத்தியர் இருந்தார், பறவைகளைச் சித்திரித்துப் புகழ்பெற்ற ஆடுபனுக்கு நண்பர், வைத்தியத்தில் கெட்டிக்காரர். ஆனால் அவருடைய விரல்களுக்கு இன்னொரு வித்தையும் தெரிந்திருந்தது: சக வைத்தியர்களைக் கேலிப் பதுமைகளாக அச்சு அசலாக வடித்துவிடுவார். பதுமையைப் பார்த்தவர்கள் சிரித்தார்கள்; பதுமையில் இருந்தவர்கள் சிரிக்கவில்லை. அந்த ஹாஸ்யத்தால் அவர் தொழிலில் நஷ்டப்பட்டதே மிச்சம். அவருடைய குமாரர் எட்வர்ட் லிவிங்ஸ்டன் ட்ரூடோ 1848-இல் பிறந்தார். வாலிபப் பருவத்தில், க்ஷயத்தால் இளைத்துக்கொண்டிருந்த தம் தமையனாரை, ஜன்னலைத் திறக்கக்கூடாது என்று அக்கால வைத்தியர்கள் விதித்தபடி, காற்றடைத்த அறையிலேயே உடனிருந்து இரவும் பகலும் பராமரித்து, அவர் கண்ணை மூடிய பின், தாமும் வைத்தியப் படிப்பை முடித்துத் தொழில் தொடங்கியிருந்த 1873-இல், அதே நோய் தமக்கும் வந்திருப்பதை அறிந்தார்.

சாகப்போகிறவன் தனக்குப் பிடித்த இடத்தில் சாகட்டும் என்ற எண்ணத்தில்தான் அவரை அடிராண்டாக் காட்டிலிருந்த ஒரு வேட்டை விடுதிக்குக் கொண்டுபோனார்கள். அவரை மாடிக்குத் தூக்கிச் சென்ற வழிகாட்டி, உலர்ந்த ஆட்டுத்தோலின் கனங்கூட இல்லையே என்று வியந்தானாம். பிற்காலத்தில் ட்ரூடோவே தம் சுயசரிதையில் இதை ரசித்துச் சொல்லியிருக்கிறார். காட்டுக் காற்றில் கிடந்து, படகில் படுத்தபடியே வேட்டையாடி, எல்லாரும் எதிர்பார்த்ததற்கு மாறாக அவர் தேறினார். ஊருக்குத் திரும்பினால் ஜுரம் வரும். மலைக்கு வந்தால் விடும். ஆகவே 1876-இல் சாரனாக் லேக்கிலேயே குடியேறிவிட்டார். 1882-இல் காக் என்ற ஜெர்மன் விஞ்ஞானி, க்ஷயத்துக்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்ததைப் படித்ததும், காட்டு வீட்டிலேயே ஒரு சிறு சோதனைச்சாலை அமைத்துக்கொண்டு, முயல்களை மூன்று கூட்டமாகப் பிரித்து ஒரு பரீட்சை செய்து பார்த்தார். கிருமி ஏற்றப்பட்டு இருட்டிலும் ஈரத்திலும் அடைபட்ட ஐந்தில் நாலு செத்தன. கிருமி ஏற்றப்பட்டு ஒரு தீவில் காற்றும் தீனியுமாய்த் திரிந்த ஐந்தில் நாலு பிழைத்தன. கிருமி ஏற்றப்படாமல் இருட்டில் அடைபட்டவை இளைத்தன, ஆனால் நோய்ப்படவில்லை. கிருமி இல்லாமல் நோய் இல்லை, ஆனால் கிருமி இருந்தும் காற்றும் போஷணையும் மனிதனைக் காக்கும் என்ற அவருடைய சித்தாந்தத்துக்கு அந்தப் பதினைந்து முயல்களே சாட்சி.

இந்தச் சித்தாந்தத்தை நடத்திக்காட்டப் பணம் வேண்டியிருந்தது. இங்கேதான் சாரனாக் லேக்கின் வசூல் சரித்திரம் ஆரம்பமாகிறது. அவரோடு காட்டில் திரிந்த வேட்டை வழிகாட்டிகளே தங்களுக்குள் பணம் போட்டு 16 ஏக்கர் நிலத்தை வாங்கி ட்ரூடோவுக்குக் கொடுத்தார்கள். அவர்களில் செல்வந்தர் என்று சொல்லத்தக்கவர் ஒருவரும் இல்லை. மிச்சத்துக்கு அவர் கோடைகாலத்தில் காட்டுக்கு வந்து தங்கும் நியூயார்க் சீமான்களிடம் தொப்பியை நீட்டினார். 1885-இல் ‘லிட்டில் ரெட்’ என்ற ஒற்றை அறைக் குடிலில், தொழிற்சாலையில் வேலை பார்த்த இரண்டு சகோதரிகளை முதல் நோயாளிகளாக வைத்துக்கொண்டு சானடோரியம் தொடங்கிற்று. நோயாளி ஒருவருக்கு வாரம் 5 டாலர் கட்டணம். செலவோ அதைவிட அதிகம். நோயாளி பெருகப் பெருக நஷ்டமும் பெருகும். அந்தப் பள்ளத்தை நிரப்பவே வருஷாவருஷம் சந்தை, கச்சேரி, கடிதம் என்று சளைக்காமல் யாசித்தபடி, அவருக்கு வைத்தியத்தில் கிடைத்த பெயரைவிடப் பிச்சை எடுப்பதில் அதிகத் தேர்ச்சி கிடைத்துவிட்டது என்று நண்பர்கள் எண்ணும்படியாக அவர் முப்பது வருஷம் அந்த ஸ்தாபனத்தை நடத்தினார். தம் மகளை 1893-இல் அதே நோய்க்குப் பறிகொடுத்தார். மகன் ஒருவரை 1904-இல் இழந்தார். 1915-இல் தாமும் அதே நோயினாலேயே மறைந்தார்.

அவர் விதித்த சிகிச்சையில் மருந்து சொற்பம். உணவு, ஓய்வு, காற்று. அதிலும் முக்கியமாகக் காற்று. பூஜ்யத்துக்குக் கீழே 20, 30 டிகிரி பாரன்ஹீட் வரை இறங்குகிற குளிரிலும், நோயாளிகள் திறந்த தாழ்வாரங்களில் சாய்வு நாற்காலிகளில் கம்பளியும் தோலும் போர்த்துக்கொண்டு நாளெல்லாம் படுத்திருக்க வேண்டும். ஊர் முழுவதும் அத்தகைய தாழ்வாரங்களோடு வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டார்கள். அந்த வீடுகளில் பல இன்றும் இருக்கின்றன. 1887-ஆம் வருஷத்து அக்டோபரிலிருந்து மறு வருஷம் ஏப்ரல் வரை ட்ரூடோவின் நோயாளியாக அங்கே தங்கியிருந்த எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்ஸன், அந்தக் குளிரைச் சபித்தபடியே குளத்தில் சறுக்கி விளையாடிக்கொண்டும், பத்திரிகைக் கட்டுரைகளை எழுதிக்கொண்டும், ‘மாஸ்டர் ஆப் பாலண்ட்ரே’ நாவலைத் தொடங்கியும் வைத்துவிட்டுப் போனார். எல்லா நோயாளிகளுக்கும் நாவல் எழுத வருமா? அவர்களுக்கு மலையும் வெண்பனியும்தான் காட்சி. மறுநாளும் அதே மலை, அதே வெண்பனி. ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று அப்படிக் கிடக்கிறவர்கள் ஊர் ஜனத்தொகையில் கணிசமான பாகமாக இருந்தார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த ஊருக்குக் கேளிக்கை என்பது ஆடம்பரமாக அல்ல, பத்தியத்தில் ஒன்றாகவே தோன்றியிருக்கும் என்று எனக்குப் படுகிறது.

1896-இல் அங்கே பான்டியாக் கிளப் என்ற ஒரு சங்கம், குளிர்கால விளையாட்டுகளை வளர்க்கும் நோக்கத்தோடு ஏற்பட்டது. 1897-இல் அது நடத்திய ஒரு நாள் திருவிழாவே முதல் கார்னிவல். 1898-இல் முதல் பனிக்கட்டி மாளிகை எழுந்தது. மாண்ட்ரியலும் செயின்ட் பாலும் தங்கள் குளிரை வெளியூராருக்கு விளம்பரம் செய்யவே மாளிகை கட்டின. சாரனாக் லேக் விளம்பரம் செய்யவேண்டிய அவசியமே இல்லை, அதன் குளிரைத்தான் வைத்தியர்கள் நாடெங்கும் சீட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்களே! சுவாசத்துக்கு மருந்தாக விதிக்கப்பட்ட அதே குளிரை அறுத்து, அடுக்கி, விளக்கேற்றி, அதற்குள் ஒரு ராஜாவையும் ராணியையும் நிறுத்தி, அதைப் பார்த்துச் சிரிக்கத் துணிந்தார்கள். மருந்தைப் பரிகாசம் செய்யும் உரிமை அதைத் தினமும் விழுங்குகிறவனுக்குத்தான் உண்டு.

அந்த ஊரின் நகைச்சுவைக்கு இன்னொரு ஊற்றும் பின்னால் வந்து சேர்ந்தது. நாடக நடிகர்களின் ஏஜெண்டாகப் பெரும் பெயர் பெற்ற வில்லியம் மாரிஸ், தாமும் க்ஷயம் கண்டு அங்கே வந்து தங்கி, குணமான பிறகும் அந்த ஊரை விடாமல், பிரபல நடிகர்களையும் பாடகர்களையும் நியூயார்க்கிலிருந்து வரவழைத்து நிதி உதவிக் கச்சேரிகள் நடத்தினார். 1929-இல் வாடெவில் என்னும் பல்சுவை மேடைக் கேளிக்கை நடிகர்களுக்கென்றே அங்கே ஒரு பெரிய சானடோரியம் திறக்கப்பட்டது. 1935-இல் விமான விபத்தில் இறந்த ஹாஸ்ய நடிகர் வில் ராஜர்ஸின் பெயர் பிற்காலத்தில் அதற்கு இடப்பட்டது. விகடகவிகளும், கழைக்கூத்தாடிகளும், பாட்டுக்காரிகளும் இருமிக்கொண்டு தாழ்வாரத்தில் படுத்திருக்கும் ஓர் ஊரில் சோகமும் தமாஷும் ஒரே வீட்டில் குடியிருந்ததில் ஆச்சரியமில்லை.

1943-இல் ஸ்ட்ரெப்டோமைஸின் கண்டுபிடிக்கப்பட்டதோடு காற்று வைத்தியத்தின் யுகம் முடியத் தொடங்கிற்று. ட்ரூடோவின் சானடோரியம் 1954-இல் மூடப்பட்டது. கடைசியாக வெளியேறிய நோயாளி லாரி டாயில் என்ற பழைய பேஸ்பால் வீரர். சானடோரியங்களுக்கு முற்றாகவே விடை கொடுத்ததில் நம் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. டாக்டர் சௌரி முத்து 1928-இல் தாம்பரத்தில் நிறுவிய சானடோரியத்தின் பெயர் இன்றும் ரெயில் நிலையத்தில் இருக்க, 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய க்ஷயரோக ஆராய்ச்சி நிலையமோ, வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்ட ஏழைகள், சானடோரியத்தில் படுத்துச் சாப்பிட்டவர்களுக்குச் சற்றும் குறையாமல் குணமடைந்ததை 1959-இல் உலகத்துக்கு நிரூபித்துக் காட்டிவிட்டது. நோயை நம்பிப் பிழைத்த சாரனாக் லேக்குக்கு அந்த ஜயம் ஒருவகையில் ஜீவன பங்கமே. வைத்தியமும், வாடகைக்கு விட்ட தாழ்வாரங்களும் போயின. இடையிடையே நின்றும் மறுபடி தழைத்தும் வந்த கார்னிவல் மட்டும் போகவில்லை.

மாளிகை கட்டும் வேலையை இப்போது செய்கிறவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். தொழிற்சங்கத்தைக் கேலி செய்வதுபோல் ‘பனிக்கட்டி மாளிகைத் தொழிலாளர் 101’ என்று தங்களுக்கு ஒரு பெயரும் சூட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஜனவரியில், ஃப்ளவர் ஏரியின் பான்டியாக் குடாவில் பனி போதிய கனம் கண்டதும், மேலே கிடக்கும் வெண்பனியை வழித்தெறிந்து, பரப்பில் கோடு போட்டு, இயந்திர ரம்பத்தால் முக்காலளவுக்கு அறுத்து, மிச்சத்தைக் கை ரம்பத்தாலும் கடப்பாரையாலும் பிளக்கிறார்கள். கட்டி ஒன்று இரண்டடி அகலமும் நாலடி நீளமும் கொண்டது. கன அடி ஒன்றுக்குப் பனிக்கட்டி ஏறக்குறைய 57 பவுண்டு எடை என்பதால், ஒன்றரை அடி கனமுள்ள ஒரு கட்டி 680 பவுண்டுக்கு மேல் நிற்கும். ஆனால் பனிக்கட்டி மிதக்கும் வஸ்து ஆகையால், தண்ணீரில் கிடக்கும்வரை ஒரு சிறுவன்கூடக் கொக்கிக் கழியால் அதைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிடலாம். பிறகு தூக்குவதற்குத்தான் இயந்திரம் வேண்டும்.

சுவரில் ஏற்றிய பிறகு வேலை கொத்தனாருடையது. இரண்டு கட்டிகளுக்கு நடுவே வெண்பனியையும் நீரையும் குழைத்த கூழைச் சாந்தாகப் பூசுகிறார்கள். சில நிமிஷத்தில் அது இறுகி, இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. சுண்ணாம்புச் சாந்து இறுக நாட்கணக்காகும். இந்தச் சாந்துக்கு வேண்டியதெல்லாம் குளிர் ஒன்றே. வெயில் ஏறிய நாளில் வேலை நிற்கும்; எலும்பைத் துளைக்கும் நாளே அவர்களுக்குச் சுபதினம். கோபுரம், வளைவு, சிம்மாசனம், கொத்தளம் என்று வளரும் சுவர்களுக்குள் வர்ண விளக்குகளைப் புதைத்துவிடுவதால் இரவில் மாளிகை முழுவதும் உள்ளிருந்து ஒளிவிடும். பனிக்கட்டி வியாபாரத்தை மின்சாரப் பெட்டிகள் எப்போதோ விழுங்கிவிட்டபடியால், ஏரியை அறுக்கும் பழைய தொழிலின் கை நேர்த்தி பிழைத்திருக்கும் வெகுசில இடங்களில் இந்த விளையாட்டுக் கட்டடமும் ஒன்று.

பல வருஷங்கள் இந்த வேலைக்குக் கைகொடுத்தவர்கள் பக்கத்துக் கேப்ரியல்ஸ் சிறைச்சாலைக் கைதிகள். அந்தச் சிறைச்சாலை இருந்த இடம், 1897-இல் கன்னியாஸ்திரீகள் க்ஷய நோயாளிகளுக்கென்று திறந்த ஆசுபத்திரி. ருஷ்யச் சக்கரவர்த்தினி இருவரைச் சிறை வைக்க மாளிகை கட்டினாள். இங்கே சிறையிலிருந்தவர்கள் ஊரார் விளையாட மாளிகை கட்டினார்கள். 2009-இல் சிறைச்சாலை மூடப்பட்ட பிறகு, வேலை பெரும்பாலும் ஊராரின் தோளுக்கே வந்துவிட்டது. திருவிழாவின் தொடக்கத்திலும் முடிவிலும் மாளிகையை முற்றுகையிடுவதாக வாணங்கள் வெடிக்கும். அதன் பின், தெற்குச் சுவர் வெயிலில் இளகிச் சாயத் தொடங்குமுன், யார் தலையிலும் விழுந்துவிடாதபடி, இயந்திரத்தைக் கொண்டு இடித்துத் தள்ளிவிடுவார்கள். அதற்காக யாரும் கண்ணீர் விடுவதாகத் தெரியவில்லை.

இனி வில்லைக்கு வருவோம். ட்ரூடோவின் கொள்ளுப்பேரர் காரி ட்ரூடோ அந்த ஊரில் வளர்ந்தவர்; 1970 முதல் ‘டூன்ஸ்பரி’ என்ற கேலிச் சித்திரத் தொடரைப் பத்திரிகைகளில் வரைந்து, ஜனாதிபதிகளையும் மந்திரிகளையும் தூங்கவிடாமல் செய்து, 1975-இல் புலிட்ஸர் பரிசும் பெற்றவர். 1981 முதல் கார்னிவல் வில்லையின் சித்திரத்தை வருஷந்தோறும் வரைந்து கொடுத்து வருகிறவர் அவரே. நாடெங்கும் பத்திரிகைகள் விலை கொடுத்து வாங்கும் கையெழுத்து, தன் ஊர் விழாவுக்காக ஒரு சிறு தகர வட்டத்தில் இறங்கி, அதை வாங்கிக் குத்திக்கொள்கிறவனுடைய கோட்டில் தொங்குகிறது. ஒவ்வொரு வருஷமும் விழாவுக்கென்று ஒரு கற்பனைப் பொருளை எடுத்துக்கொள்வார்கள். ஒரு வருஷம் வேற்றுக் கிரகவாசிகளின் படையெடுப்பு, இன்னொரு வருஷம் மகாவீரர்களும் வில்லன்களும். அந்தப் பொருளுக்கு ஏற்றபடி ‘டூன்ஸ்பரி’ பாத்திரங்கள் வில்லையில் வேஷம் கட்டி வருவார்கள். எள்ளுப்பாட்டனார் ஜேம்ஸ் கேலிப் பதுமைகளை வடித்துத் தொழிலைக் கெடுத்துக்கொண்டதும், கொள்ளுப்பாட்டனார் எட்வர்ட் ஆயுள் முழுவதும் சந்தாவுக்காகக் கதவு தட்டியதும், ஆக இரண்டு பரம்பரைச் சொத்துக்களும் இந்த ஒரு மனிதரிடம் வந்து சேர்ந்து, ஒன்று மற்றொன்றுக்கு வருமானமாகியிருக்கின்றன. வம்ச குணம் என்பதை நான் அதிகமாக நம்புகிறவன் அல்லன். ஆயினும் இந்தக் குடும்பத்தைப் பார்க்கும்போது நம்பிக்கையின்மை சற்று ஆட்டம் கொடுக்கிறது.

வில்லை விற்ற பணத்தில் நடக்கும் பத்து நாள் கோலாகலத்தில் ராஜா ராணி முடிசூட்டு உண்டு, ஊர்வலம் உண்டு, பனியில் சறுக்கும் பந்தயம் உண்டு. பெண்கள் இரும்பு வாணலியை யார் அதிக தூரம் வீசுகிறார்கள் என்று ஒரு போட்டியும் உண்டு. புருஷர்கள் அதைப் போதிய தூரத்தில் நின்றே பார்க்கிறார்கள் என்று நம்புகிறேன். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது ஊர்வலத்தில் வரும் நாற்காலிப் பெண்கள் படை. தோட்டத்தில் போட்டுக்கொள்ளும் மடக்கு நாற்காலி ஒன்றை ஆளுக்கொன்றாகத் துப்பாக்கிபோல் தோளில் சாத்தி, தலைவி குரல் கொடுத்ததும் எல்லாரும் ஒரே தாளத்தில் அதைப் படாரென்று விரிப்பதும், உட்காருவதும், எழுந்து மடக்குவதும், மறுபடி தோளில் ஏற்றிக்கொண்டு அணிவகுத்து நடப்பதுமாகப் பனி பெய்யும் தெரு நெடுகிலும் கவாத்துப் பழகிச் செல்வார்கள். முன்னொரு காலத்தில் அதே தெருவின் இரு புறமும், ஆடாமல் அசையாமல் நாற்காலியில் சாய்ந்து கிடக்கும்படி வைத்தியர் இட்ட கட்டளையை மீறாமல், நூற்றுக்கணக்கான பெண்கள் மாதக் கணக்கில் படுத்திருந்தார்கள் என்பது அந்தப் படையினரின் நினைவில் இருக்கிறதோ இல்லையோ, அந்த ஊரில் நாற்காலியோடு செய்யத் தகுந்த காரியம் அதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.